கோன் நடுவில் ஈரம், பக்கத்துக் கோன் மஞ்சள்: ஆர்.எஃப். டிரையரில் எங்கே பார்ப்பது?

கேள்வியின் சுருக்கம்: திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறை. காட்டன் நூலைக் கோனாகவே (ட்யூபில் சுற்றிய நிலையிலேயே) சாயமிட்டு, ஹைட்ரோவில் (வேகமாகச் சுழற்றித் தண்ணீரை வெளியேற்றும் மெஷின்) பிழிந்து, 85 கிலோவாட் ஆர்.எஃப். டிரையரில் (ரேடியோ அலைவரிசை மின்புலத்தால் சூடாக்கும் மெஷின்) காயவைக்கிறார்கள். ஒரே லாட்டில் சில கோன்கள் நடுவில் ஈரமாக வருகின்றன, சில மஞ்சளடிக்கின்றன. வாரத்தில் பலமுறை ஆர்க் (மின்பொறி) அடித்து மெஷின் டிரிப் ஆகிறது. இன்னும் பெரிய மெஷின் வாங்க வேண்டுமா?

வேண்டாம். பவர் போதாத மெஷினில் எல்லாக் கோனும் ஒன்றுபோல ஈரமாகத்தான் வெளியே வரும். ஒரு கோன் கருகுகிறது, பக்கத்துக் கோன் ஈரமாக இருக்கிறது என்றால், இருக்கிற பவர் சரியாகப் பங்காகவில்லை என்று பொருள். இதே நிலையில் 85-ஐ 120 ஆக்கினால் ஈரக் கோன் காயும், மஞ்சள் கோன் தீப்பிடிக்கும். பங்கு ஏன் பிசகுகிறது என்று பார்க்க, உள்ளே சூடு எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அங்கேயே ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது.

தண்ணீர் மூலக்கூறுகள் மின்புலத்தோடு சேர்ந்து முன்னும் பின்னும் திரும்புகின்றன, அந்த உராய்வில் சூடு வருகிறது என்றுதான் விற்பனைக்கு வருபவர் சொல்வார். 2450 மெகா ஹெர்ட்ஸில் ஓடும் மைக்ரோவேவ் அடுப்புக்கு அது பெருமளவு சரி. நம் டிரையர் ஓடுவது 27.12 மெகா ஹெர்ட்ஸில். தண்ணீர் மூலக்கூறு திணறும் அளவுக்கு இது வேகமான அலைவு அல்ல. மூலக்கூறு சிரமமில்லாமல் கூடவே திரும்பிவிடும். சுத்தமான தண்ணீரின் டைஎலெக்ட்ரிக் இழப்பு எண் (மின்புலத்தை எந்த அளவுக்குச் சூடாக மாற்றும் என்பதைச் சொல்லும் எண்) இந்த அதிர்வெண்ணில் ஏறத்தாழ 0.1 மட்டுமே. அதை வைத்துக்கொண்டு ஒரு கோனைக்கூடக் காயவைக்க முடியாது.

உண்மையில் சூடு தருவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு. அயனிகள் மின்புலத்தில் இங்கும் அங்கும் ஓடி, வழியில் மோதி வெப்பம் உண்டாக்குகின்றன. கணக்கு எளிது. தண்ணீரின் மின்கடத்துதிறனை மீட்டருக்கு இத்தனை சீமன்ஸ் என்று எடுத்து, 27.12 மெகா ஹெர்ட்ஸுக்கு உரிய 0.0015 என்ற எண்ணால் வகுத்தால், உப்பினால் வரும் இழப்பு எண் கிடைக்கும். ஆர்.ஓ. தண்ணீர் சென்டிமீட்டருக்கு 50 மைக்ரோ சீமன்ஸ் காட்டினால், அதாவது மீட்டருக்கு 0.005 சீமன்ஸ், இழப்பு எண் 3.3. கடைசி அலசல் தண்ணீர் 500 மைக்ரோ சீமன்ஸ் காட்டினால் 33. இரண்டும் கண்ணுக்கு ஒரே தண்ணீர்தான். டிரையருக்கு அவை பத்து மடங்கு வேறுபட்ட இரண்டு சரக்குகள். நூலுக்குள் இந்தத் தண்ணீர் காற்றோடும் நாரோடும் கலந்து கிடப்பதால் கோனின் மொத்த இழப்பு எண் இதைவிட நன்றாகவே குறைவாக இருக்கும். லாட்டுக்கு லாட் வரும் ஏற்றத்தாழ்வு மட்டும் அப்படியே நிற்கும். சூடு ஏற ஏற ஒவ்வொரு டிகிரிக்கும் கடத்துதிறன் சுமார் 2% கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரியாக்டிவ் சாயத்தில் ஆழ்ந்த ஷேடுக்கு லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை உப்போ கிளாபர் உப்போ போடுகிறோம். சாயமேறிய பின் அலசி, சோப்பு போட்டு, மீண்டும் அலசுகிறோம். ஹைட்ரோ முடிந்து நூலில் தங்குவது கடைசிக் குளியலின் தண்ணீரேதான். அந்தக் குளியலில் எவ்வளவு உப்பு மிச்சமோ, அவ்வளவும் டிரையருக்குள் போகிறது. சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு கழிவுநீரை வெளியே விடாத ஏற்பாடு முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பலரும் மீட்டெடுத்த ஆர்.ஓ. தண்ணீரில் வேலை செய்கிறார்கள், பிரித்தெடுத்த உப்புக் கரைசலையும் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். தண்ணீருக்கும் செலவு ஆகும்போது அலசலில் ஒன்றைக் குறைக்கத் தோன்றுவது இயல்பு. அப்படிக் குறைத்தது வெளுத்த நூலிலோ வெளிர் ஷேடிலோ தெரியாமல் போகலாம். கருப்பு, நேவி, மெரூன் லாட்டுகளில் டிரையர் காட்டிக்கொடுத்துவிடும்.

இதில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. ஆர்.எஃப்.-இன் பெரிய பலமே ஈரமான இடம் அதிகச் சூட்டை இழுத்துக்கொள்வதுதான். ஈரம் அதிகமுள்ள கோன் அதிகப் பவர் வாங்கும், காய்ந்த கோன் குறைவாக வாங்கும், கடைசியில் எல்லாம் சமமாகும். ஆனால் இந்தச் சமன்செய்யும் குணம் ஒரு எல்லை வரைதான். கோனுக்கும், மின்புலம் தரும் உலோகத் தகடான மேல் எலெக்ட்ரோடுக்கும் நடுவே காற்று இடைவெளி இருக்கிறது. கோனின் இழப்பு எண் ஏறிக்கொண்டே போனால், அது ஒரு கட்டத்தில் உலோகத் துண்டு போல நடந்துகொள்ளத் தொடங்கும். மின்புலம் கோனை விட்டுக் காற்று இடைவெளிக்குப் போய்விடும். 15 சென்டிமீட்டர் கோன், 10 சென்டிமீட்டர் காற்று, கோனின் மின்காப்பு மாறிலி 5 என்று வைத்துக் கணக்குப் போட்டால், இழப்பு எண் 6.5 வரை கோன் வாங்கும் பவர் ஏறும், அதற்குமேல் இறங்கும். ஆக, உப்பு மிகுந்த லாட்டில் அதிக ஈரமான கோன் குறைவாகச் சூடாகும். முன்னமே சற்றுக் காய்ந்த கோன் மேலும் வேகமாகக் காயும். நடுவில் ஈரம், பக்கத்தில் மஞ்சள் என்ற உங்கள் படம் அப்படியே இதுதான். காற்றில் ஏறிய மின்புலம் ஆர்க்குக்கும் வழி வைக்கிறது. மூன்று தொல்லைக்கும் ஒரே வேர் இருக்க வாய்ப்பு அதிகம் என்று நான் சொல்வது இதனால்தான்.

எனவே முதல் வேலை: கையில் பிடிக்கும் ஒரு கடத்துதிறன் மீட்டர் வாங்குங்கள். ஹைட்ரோவிலிருந்து வடியும் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து, லாட் எண்ணோடு எழுதிவையுங்கள். இரண்டு வாரம் எழுதினால் போதும். தொல்லை தந்த லாட்டுகளும் அளவு ஏறிய லாட்டுகளும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று தெரிந்துவிடும். பொருந்தினால், உங்கள் பட்டறைக்கு ஓர் உச்ச அளவை நீங்களே வைத்துக்கொண்டு, அதைத் தாண்டிய லாட்டை இன்னொரு அலசலுக்குத் திருப்பி அனுப்பலாம். அதோடு, வெளிர் ஷேடையும் ஆழ்ந்த ஷேடையும் ஒரே வரிசையில் பெல்ட்டில் ஏற்றாதீர்கள்.

அடுத்தது ஹைட்ரோ. ஒரு கிலோ தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுபோய் ஆவியாக்க 2,550 கிலோஜூல் வேண்டும், அதாவது 0.71 யூனிட். நூலைச் சூடாக்குவதும் சுவர் வழியே போவதும் சேர்ந்து 0.8 ஆகும். ஆகவே 1 கிலோவாட் ஆர்.எஃப். மணிக்கு ஏறத்தாழ 1.25 கிலோ தண்ணீரை ஓட்டும். உங்கள் 85 கிலோவாட் மெஷினுக்கு மணிக்கு 106 கிலோ. கரன்டை ஆர்.எஃப். ஆக மாற்றுவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீணாகிறது. மின்விசிறி, பம்பையும் சேர்த்தால் ஒரு கிலோ தண்ணீருக்கு மீட்டரில் சுமார் 1.3 யூனிட் ஓடும்.

இதை 1,000 கிலோ காட்டன் நூலுக்குப் போட்டுப் பாருங்கள். ஹைட்ரோ முடிந்து உலர் எடையில் 50% ஈரம் இருந்தால் 500 கிலோ தண்ணீர். 7 சதவீதத்தில் நிறுத்துவதானால் 70 கிலோ உள்ளேயே இருக்கும், ஓட்ட வேண்டியது 430 கிலோ. நான்கு மணி நேரம், 559 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் கிலோ நூலுக்கு நாலரை ரூபாய். அதே நூல் 60% ஈரத்தோடு வந்தால் 530 கிலோ ஓட்ட வேண்டும்: ஐந்து மணி நேரம், 689 யூனிட். பெல்ட் வேகத்தை மாற்றாமல் விட்டால் அந்த அதிகப்படி 100 கிலோ கோனுக்குள்ளேயே நிற்கும். இப்போது ஹைட்ரோ பக்கம் பாருங்கள். 22 கிலோவாட் மோட்டார் முழு லோடில் கூடுதலாக 3 நிமிடம் ஓடினாலும் 1.1 யூனிட்தான். 200 கிலோ நூலை 60-லிருந்து 50-க்கு இறக்கும் 20 கிலோ தண்ணீரை டிரையரில் ஓட்ட 26 யூனிட். கூலி மிச்சம் என்று ஹைட்ரோ நேரத்தை வெட்டுகிற பட்டறைகளில் இந்தக் கணக்கை யாரோ ஒருவர் சுவரில் எழுதிவைக்க வேண்டும்.

ஹைட்ரோவுக்குப் பின் ஈரம் நூலுக்கு நூல் மாறும். விஸ்கோஸ் காட்டனைவிட நன்றாகவே அதிகம் பிடித்துவைக்கும், பாலியஸ்டர் மிகக் குறைவு. கலப்பு நூலில் பெல்ட் வேகத்தைக் காட்டன் அளவிலேயே விட்டுவிடுவது வழக்கமான தவறு. ஒவ்வொரு லாட்டிலும் பத்துக் கோன்களைக் குறியிட்டு, பெல்ட்டில் ஏற்றும் முன்னும் இறக்கிய பின்னும் எடை போடுங்கள். காலி ட்யூபின் எடையைக் கழிக்க மறக்கக் கூடாது. உண்மையான உலர் எடைக்கு, ஒரு கோனின் வெளி, நடு, உள் அடுக்குகளிலிருந்து தனித்தனி நூல் எடுத்து, 105 டிகிரி ஓவனில் எடை மேலும் குறையாத வரை வைத்துப் பாருங்கள். ஊசி குத்திப் பார்க்கும் ஈரமானி கடத்துதிறனை வைத்துத்தான் ஈரத்தைச் சொல்கிறது. உப்பு மிச்சமுள்ள நூலில் அது காய்ந்த கோனையும் ஈரம் என்று சொல்லும். அதை நம்பிப் பெல்ட்டை மெதுவாக்கி, கோனைக் கருக்கியவர்கள் உண்டு.

ஈரத்தை அளக்கும் நேரமும் முக்கியம். வெளியே வரும் கோன் சூடாக இருக்கும். ஆறுகிற வரை ஆவி போய்க்கொண்டே இருக்கும். ஒன்றிரண்டு சதவீதம் இப்படிப் போகும் என்று வைத்து, இலக்கைவிடச் சற்று ஈரமாகவே வெளியே எடுங்கள். காட்டன் இயல்பாகவே காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதன் வழக்கமான அளவு 8.5%. அதை 3 சதவீதத்துக்குக் காயவைத்தால், செலவழித்த கரன்டின் பலன் கிடங்கில் ஒரே நாளில் போய்விடும். நூல் முறுமுறுத்து வைண்டிங்கில் அறுவதும் மிச்சம்.

இனி பெல்ட்டில் அடுக்கும் முறை. பவர் பங்கு பிசகுவதற்கு உப்புக்கு அடுத்த காரணம் இதுதான், ஆனால் இதை யாரும் குற்றம் சொல்வதில்லை. கோனின் உயரம் இரண்டு சென்டிமீட்டர் கூடினால் என்ன ஆகும்? மேல் எலெக்ட்ரோடு 25 சென்டிமீட்டர் உயரத்தில், 10 கிலோவோல்ட்டில் இருக்கட்டும். 15 சென்டிமீட்டர் கோனுக்கு மேலே 10 சென்டிமீட்டர் காற்று. கோனுக்குள் மின்புலம் மீட்டருக்கு 15.4 கிலோவோல்ட். 17 சென்டிமீட்டர் கோனுக்கு மேலே 8 சென்டிமீட்டர் காற்று, கோனுக்குள் 17.5 கிலோவோல்ட். பவர் மின்புலத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி போவதால் உயரமான கோன் ஒவ்வொரு கன சென்டிமீட்டருக்கும் 30% கூடுதலாக வாங்குகிறது. இரண்டு விரல் உயர வித்தியாசத்துக்கு இத்தனை. சாயப் பாத்திரத்தில் கோன்களை அழுத்தி ஏற்றும்போது சில நசுங்கி, சில நிமிர்ந்து வரும். அவற்றை உயரப்படி பிரித்து, வரிசைக்கு வரிசை ஒரே உயரமாக வையுங்கள். நசுங்கியதைத் தனியாகச் சேர்த்து, எலெக்ட்ரோடை இறக்கி ஓட்டலாம்.

இடைவெளியும் அப்படித்தான். ஒரு வரிசையில் பத்து இடமிருக்க ஏழு கோன் மட்டும் வைத்தால், காலியிடத்தை ஒட்டிய கோன்களின் பக்கத்தில் மின்புலம் வளைந்து நெரியும். லாட்டின் முதல் வரிசையும் கடைசி வரிசையும் மற்றவற்றைவிட அதிகமாகக் காய்வது இதனால்தான். இதற்கென்று பழைய நூல் கோன்கள் இருபதை ஈரப்படுத்தி வைத்துக்கொண்டு, லாட்டுக்கு முன்னும் பின்னும் இரண்டு வரிசை விடுங்கள். அவை எத்தனை முறை கருகினாலும் கவலை இல்லை.

பெல்ட் வேகத்துக்கும் ஒரு கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. 2 மீட்டர் அகல பெல்ட்டில் குறுக்கே 10 கோன், வரிசைக்கு வரிசை 20 சென்டிமீட்டர், எலெக்ட்ரோடு நீளம் 6 மீட்டர் என்றால், எந்த நேரத்திலும் 300 கோன்கள் மின்புலத்துக்குள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 283 வாட். ஒரு கிலோ கோனிலிருந்து 430 கிராம் தண்ணீரை ஓட்ட 1.2 மணி நேரம். பெல்ட் மணிக்கு 5 மீட்டர். உங்கள் மெஷினின் அளவுகளைப் போட்டு இதே எண்ணைக் கண்டுபிடியுங்கள். நடைமுறையில் பெல்ட் அதைவிட நன்றாகவே மெதுவாக ஓடுகிறது என்றால் பவர் எங்கோ வீணாகிறது. வேகமாக ஓடுகிறது என்றால் கோன் நடுவில் ஈரம் நிற்பதில் ஆச்சரியமில்லை.

நடு ஈரத்துக்கு இறுக்கமாகச் சுற்றிய கோனும் காரணமாகலாம். சாயத்துக்கென்று மென்மையாகச் சுற்றும் காட்டன் கோனின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.35 முதல் 0.40 கிராம் வரை இருப்பது வழக்கம். அதைத் தாண்டினால் சாயமும் சமமாக ஏறாது, உள்ளே உண்டாகும் ஆவியும் சுலபமாக வெளியே வராது. ஆவி வெளியேறும் வேகத்தை மீறிப் பவர் கொடுத்தால் கோன் தோளில் புடைக்கும், அடுக்கு வழுகும். கோன் புடைத்து வந்தால் எலெக்ட்ரோடை உயர்த்தி, பெல்ட்டை மெதுவாக்குங்கள். அவசர லாட் என்று அதன் எதிர்ப்பக்கம் போகும் பழக்கம்தான் அதிகம்.

சூடான காற்று எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கோனைக் காயவைக்க அல்ல, வெளியே வந்த ஆவியைக் கொண்டுபோக. எலெக்ட்ரோடும் கூரையும் குளிர்ந்திருந்தால் ஆவி அங்கே பட்டுத் தண்ணீராகிச் சொட்டும். சொட்டு விழுந்த கோனில் கறை. சொட்டு தொங்கும் முனையில் ஆர்க். காலையில் முதல் லாட்டில் மட்டும் ஆர்க் அடிக்கிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுவே. ஆர்.எஃப். போடும் முன் காற்றை 70 டிகிரி அளவில் கால் மணி நேரம் ஓட்டி, உள்ளே எல்லாம் சூடான பிறகு நூலை விடுங்கள். ஆவி போகும் குழாயில் பஞ்சு அடைத்திருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். காற்று வடிகட்டியைத் தினம் தட்ட வேண்டும்.

ஆர்க்குக்கு மற்ற காரணங்கள் தெரிந்தவைதான். ஸ்டீல் ஸ்பிரிங் ட்யூபில் சுற்றிய கோன் இந்த மெஷினுக்குள் வேண்டாம், பாலிப்ரொப்பிலீன் ட்யூப் மட்டும். அந்தப் பிளாஸ்டிக் மின்புலத்தில் சூடாவதே இல்லை எனலாம். கோனில் லாட் சீட்டை ஸ்டேப்ளர் பின் போட்டுக் குத்துவது, ஜரிகை கலந்த நூலை மறந்து ஏற்றுவது, கோனைச் சுற்றிய வலைத்துணியில் கம்பி இருப்பது, இவையெல்லாம் ஆர்க்கை அழைக்கும். ஆர்க் ஒருமுறை அடித்த இடத்தில் பெல்ட்டில் கருப்புக் கோடு விழும். கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் அடுத்த ஆர்க் அதே கோட்டில்தான். துடைத்தால் போகாது, கரிந்த பகுதியைச் சுரண்டி நீக்க வேண்டும், அல்லது பெல்ட்டில் அந்தத் துண்டை வெட்டி மாற்ற வேண்டும். எலெக்ட்ரோடில் ஆர்க் அடித்த இடத்தில் கூரான மேடு நிற்கும், அதை நைஸாகத் தேய்த்து வழவழப்பாக்குங்கள்.

டிரிப் ஆகும்போதெல்லாம் ரீசெட் பட்டனை அழுத்தி ஓட்டுவது ஆபத்து. ஆர்க்கும் காய்ந்த பஞ்சும் சேர்ந்தால் தீ. கருகிய வாசனை வந்தால் மெஷினை நிறுத்தி, அந்தக் கோனைத் தேடி எடுத்து, கட்டடத்துக்கு வெளியே தனியாக வையுங்கள். காட்டன் கோன் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் கிடங்கில் தீயாகும்.

மஞ்சளுக்கு மிகைச்சூடு பாதிக் காரணம், சாயத்தில் போட்ட சோடாவின் மிச்சமான காரம் மறுபாதி. நூலில் தண்ணீர் இருக்கும் வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் தீர்ந்த இடத்தில்தான் ஏறத் தொடங்கும். காய்ந்த காட்டனும் கொஞ்சம் பவர் வாங்கும். அந்த நேரத்தில் நூலில் சோடா மிச்சமிருந்தால் வெள்ளையும் வெளிர் ஷேடும் உடனே நிறம் மாறும். கடைசிக் குளியலின் பி.எச். 6 முதல் 7 வரை இருக்கட்டும். மஞ்சள் கோனை ஆறவைத்து, வெட்டி, எந்த அடுக்கில் மஞ்சள் என்று பாருங்கள். உள்ளே மட்டும் என்றால் மிகைச்சூடு. எல்லா அடுக்கிலும் சமமாக என்றால் அலசலும் நடுநிலையாக்கலும் சரியில்லை. வெளி அடுக்கில் மட்டும் இருந்தால் காற்றின் சூட்டைக் குறைத்துப் பாருங்கள்.

மெஷின் பக்கம் தினமும் எழுத வேண்டியவை மூன்று: ஆர்.எஃப். உண்டாக்கும் வால்வின் ஆனோடு கரன்ட், அதன் கிரிட் கரன்ட், எலெக்ட்ரோடு உயரம். ட்ரையோடு வால்வு வைத்த மெஷினில் லோடு ஏறினால் ஆனோடு கரன்ட் ஏறும், கிரிட் கரன்ட் இறங்கும். எலெக்ட்ரோடை இறக்கினால் பவர் கூடும். அதே நூல், அதே ஈரம், அதே ஆனோடு கரன்டுக்கு எலெக்ட்ரோடு நாளுக்கு நாள் கீழே இறங்கிக்கொண்டே போனால் வால்வு தளர்கிறது, அல்லது ஃபிலமென்ட் வோல்டேஜ் குறைந்திருக்கிறது. ஃபிலமென்ட் வோல்டேஜை வால்வு தயாரித்தவர் சொன்ன அளவில் வையுங்கள். கூடினால் ஆயுள் குறையும், குறைந்தால் எமிஷன் (எலெக்ட்ரான் வெளியீடு) போதாது. மெஷினை நிறுத்தியதும் கூலிங்கையும் உடனே நிறுத்தாதீர்கள். வால்வுக்கு ஓடும் தண்ணீர் அயனி நீக்கியதாக இருக்க வேண்டும். போர்வெல் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படிந்து ஆனோடு சூடேறும். அது மட்டுமல்ல, ஆனோடின் 10 கிலோவோல்ட்டும் அந்தத் தண்ணீர் வழியே கசியும். வால்வின் விலை தெரிந்தவர் இதில் சிக்கனம் பார்க்க மாட்டார்.

செப்புப் பட்டைகளின் போல்ட்டுகளை மாதம் ஒருமுறை இறுக்குங்கள். 27.12 மெகா ஹெர்ட்ஸில் மின்னோட்டம் செம்பின் மேற்பரப்பில் 13 மைக்ரான் ஆழத்துக்குள்தான் ஓடுகிறது. உள்ளே எத்தனை தடிமன் இருந்தாலும் பயனில்லை. மேலே பச்சை பூத்திருந்தால் இணைப்பு சுடும். எர்த்துக்கு வட்டக் கம்பி போடாமல் அகலமான பட்டை போடுவதும் இதனால்தான். 27.12 மெகா ஹெர்ட்ஸின் அலைநீளம் 11 மீட்டர் என்பதால், 6 மீட்டர் எலெக்ட்ரோடில் முனைக்கு முனை வோல்டேஜ் மாறாமலிருக்க அங்கங்கே சுருள் பட்டைகள் வைத்திருப்பார்கள். கழற்றிச் சுத்தம் செய்தவர் அவற்றை வேறு இடத்தில் மாட்டிவிட்டால், பெல்ட்டின் ஒரு பகுதியில் மட்டும் கோன் அதிகமாகக் காயும். சமீபத்தில் பெரிய சர்வீஸ் நடந்திருந்தால் இதை முதலில் பாருங்கள்.

கதவுச் சுவிட்சுகளைக் கம்பி போட்டுக் கட்டி ஓட்டுவது இங்கே அதிகம். உள்ளே இருப்பது உயிரெடுக்கும் டி.சி.; மெயினை அணைத்த பின்னும் கெப்பாசிட்டரில் நிற்கும். எர்த் கம்பியால் தொட்டு இறக்காமல் கை வைக்கக் கூடாது. ஆர்.எஃப். பட்டால் ஷாக் அடிப்பது போலத் தெரியாது, தோலுக்கு அடியில் வெந்திருக்கும். பேனல்களில் ஒரு ஸ்குரூ விட்டுப்போனாலும் அந்தப் பிளவு வழியே கசியும். 1998-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதலில் (2020-இல் புதியது வந்துவிட்டது) இந்த அதிர்வெண்ணில் வேலை செய்பவருக்கு உச்ச வரம்பு மீட்டருக்கு 61 வோல்ட், பொதுமக்களுக்கு 28 வோல்ட் என்று இருந்தது. நூல் உள்ளே போகும் வாயிலில், ஆபரேட்டர் நிற்கும் இடத்தில், ஆண்டுக்கு ஒருமுறையாவது அளந்து வாங்குங்கள். பேஸ்மேக்கர் வைத்தவரை அந்தப் பக்கம் நிறுத்தக் கூடாது.

எந்த வரிசையில் தொடங்குவது என்றால்: நாளை காலையே கடத்துதிறனும் பி.எச்.-ம் எழுதத் தொடங்குங்கள். இந்த வாரம் ஹைட்ரோ நேரத்தைச் சரிசெய்து, பத்துக் கோன் எடைப் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். உயரப்படி பிரிப்பதும் லாட்டின் முன்னும் பின்னும் பழைய ஈரக் கோன்களை விடுவதும் காசில்லாத வேலை, உடனே செய்யலாம். ஞாயிறன்று நிறுத்தி, பெல்ட்டில் கரிக் கோடு, எலெக்ட்ரோடில் மேடு, ஆவிக் குழாயில் பஞ்சு, பட்டைகளின் போல்ட் நான்கையும் பாருங்கள். ஒரு மாதம் கழித்து, எல்லாக் கோனும் ஒரே அளவில் ஈரமாக வருகின்றன, மணிக்கு 100 கிலோ தண்ணீர் ஓடுகிறது, அதற்குமேல் லாட் காத்துக் கிடக்கிறது என்ற நிலை வந்தால், அப்போது பெரிய மெஷினுக்கு விலை கேளுங்கள்.